யார் வீட்டுப் பிள்ளை?

தஞ்சைத் தரணியில் ஓர் ஊருக்குள் புதிதாக நுழையும் மனிதனிடம் முதன்முதலாகக் கேட்கப்படும் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே. திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கு இதற்கு விடை கிடைத்துவிட்டால் போதும். தாகத்துக்கு மோரும் வரும், தங்குவதற்கு இடமும் வரும். வந்தவனுடைய தகப்பனாரையோ, பாட்டனாரையோ, மாமன் வீட்டையோ அறிந்தவர் ஒருவர் அவ்வூரில் இருந்தே தீருவார். அவருடைய சொல்லே புதியவனுக்குப் பிணை. காவிரிக் கரையில் நம் முன்னோர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டதும், வீட்டை வாடகைக்குக் கொடுத்ததும், அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்ததும் பெரும்பாலும் இச்சொல்லை நம்பியே ஆகும்.

இன்று நம் பங்குகளில் பல குடும்பங்களின் பிள்ளைகள் மேற்படிப்பின் பொருட்டுக் கனடாவுக்கும், இங்கிலாந்துக்கும், ஜெர்மனிக்கும் செல்கின்றனர். நிலத்தை அடமானம் வைத்தும், நகையை ஈடு காட்டியும், வங்கியில் கல்விக் கடன் பெற்றும் பெற்றோர் அவர்களை அனுப்பி வைக்கின்றனர். விசாவும் விமானச் சீட்டும் கைக்கு வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். ஆனால் போய் இறங்கிய பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே நேரும் இடர், தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்காமையே. அந்நாட்டு வீட்டுக்காரரும் நம்மூர்ப் பெரியவர் கேட்கும் கேள்வியைத்தான் கேட்கிறார். கேட்கும் முறைதான் வேறு. "உன் கடன் வரலாறு எங்கே?" என்பது அவர் கேள்வி.

நம் பிள்ளைகள் அங்கே அக்கேள்வியின்முன் வாய் திறவாமல் நிற்பதையும், அயல்நாட்டு மாணவர் இங்கே நம் வாயிற்படியில் நிற்பதையும் ஒருசேர எண்ணிப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். இரண்டும் ஒரே துன்பத்தின் இரு பக்கங்கள் என்பது நம் கருத்து.

கடன் வரலாறு என்பது யாது?

வங்கியில் கடன் கேட்டுச் சென்றவர்களுக்குச் 'சிபில்' என்ற சொல் பழக்கமானதே. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், ஒருவர் வாங்கிய கடனையும் அதைத் தவணை தவறாமல் கட்டினாரா என்பதையும் கணக்கிட்டு, 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறது. நம் நாட்டில் இம்மதிப்பெண் பெரும்பாலும் கடன் கேட்கும்போதுதான் பார்க்கப்படுகிறது. வீடு தேடி வருபவனிடம் நம்மூரில் அதை எவரும் கேட்பதில்லை.

மேலை நாடுகளில் நிலைமை அவ்வாறன்று. கனடாவில் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் இரு நிறுவனங்களும், ஜெர்மனியில் 1927-இல் தோன்றிய ஷூஃபா என்னும் நிறுவனமும் மக்களின் கடன் நடப்பைக் குறித்து வைக்கின்றன. வீட்டைப் பார்க்கப் போனால், வருமானச் சான்றோடு இந்தக் கடன் அறிக்கையும், முன்பிருந்த வீட்டுக்காரரின் நற்சான்றும் கேட்கப்படுவது வழக்கம். நேற்று விமானத்திலிருந்து இறங்கிய மாணவனிடம் இவற்றுள் ஒன்றும் இராது. அவனுடைய தகப்பனார் கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகள் ஒருவருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவராக இருக்கலாம். அந்த நற்பெயர் கடல் கடந்து செல்வதில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கடன் வாங்காமல் வாழ்வதே நேர்மை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஆனால் அவ்வேடுகளில், கடனே வாங்காதவனுக்கு மதிப்பெண்ணே இல்லை. வாங்கித் திருப்பாதவனும், ஒருபோதும் வாங்காதவனும் வீட்டுக்காரரின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றுகின்றனர். வரலாறு இல்லாமையைத் தீய வரலாறாகக் கொள்வது நீதியாகுமா? கனடாவின் ஒண்டாரியோ மாநில மனித உரிமை ஆணையமே இதை ஏற்கவில்லை. கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லாமையை ஒருவருக்கு எதிரான குறையாகக் கருதலாகாது என்பது அவ்வாணையத்தின் நிலை.

ஏடே இல்லாமல் வந்தவர்கள்

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கனடாவின் கீழ்க்கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் தத்தளித்துக் கொண்டிருந்தனர். கப்பல் தலைவன் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அவ்வழியே வந்த மீனவர்கள் அவர்களைக் கண்டு காப்பாற்றினர். கரை சேர்ந்தவர்களிடம் கடன் வரலாறா இருந்தது? மாற்றுத் துணியே இல்லை. அவர்களுக்கு அந்நாட்டில் முதல் கூரையாக அமைந்தது செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக விடுதி. பின்னர் அவர்களுள் பலர் டொராண்டோவுக்கும் மாண்ட்ரியாலுக்கும் சென்று உழைத்து நிலைபெற்றனர்.

அவர்களையும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த தமிழரையும் இன்று டொராண்டோ நகரின் ஸ்கார்பரோப் பகுதியில் வீட்டுக்காரர்களாகக் காணலாம். 'பேஸ்மென்ட்' என்று வழங்கும் அடித்தள அறைகளைப் பலர் வாடகைக்கு விடுகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணவர் பலருக்கு அந்நாட்டில் முதல் முகவரி அவ்வறைகளுள் ஒன்றுதான். வெறுங்கையோடு வந்து நின்றது எத்தகைய துன்பம் என்பதை அவ்வீட்டுக்காரர் அறிவார். மோசே வழியாக இறைவன் இஸ்ராயேலருக்குக் கற்பித்ததும் இதுவே அன்றோ? எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள், ஆகவே உங்களிடையே தங்கும் அந்நியனை உங்களைப் போலவே நேசியுங்கள் என்னும் பொருள்பட லேவியர் நூல் பத்தொன்பதாம் அதிகாரம் பேசுகிறது.

பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அந்நாட்டுச் சட்டம் எதைக் கேட்க விடுகிறது, எதை விடுவதில்லை என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். அறியாமையினால் நகையை விற்றுப் பணம் அனுப்பி ஏமாறுவோர் உண்டு.

ஒண்டாரியோ மாநிலத்தில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது பொதுவாகக் கடைசி மாத வாடகை ஒன்றே. வீடு பழுதானால் ஈடு செய்யவென்று தனியாக ஒரு தொகையை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் தரவில்லை. 2018 ஏப்ரல் 30 முதல் அரசே வகுத்த ஒப்பந்தப் படிவம் நடைமுறையில் உள்ளது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன் பகிர்ந்துகொள்ளும் அறையாக இருந்தால் அவ்வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது. அடித்தள அறை எடுப்போர் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும்.

ஜெர்மனியில் முன்பணம், தண்ணீர், வெப்பம் முதலிய செலவுகள் நீங்கலான மூன்று மாத வாடகையை மிஞ்சக்கூடாது. அதையும் மூன்று மாதத் தவணைகளில் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. குடிபுகுந்து இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதித் தரும் உறுதிச் சான்று தேவை. அதைத் தர மறுக்கும் வீடு, வாடகை எவ்வளவு குறைவாயினும், வேண்டாத வீடே.

இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுனுக்கு உட்பட்ட வீடுகளுக்கு முன்பணம் ஐந்து வார வாடகையை மிஞ்சலாகாது. அத்தொகையை அரசு ஒப்பிய பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் முப்பது நாளுக்குள் காக்க வேண்டும். அந்நாட்டிலேயே வாழும் பிணையாளர் ஒருவரைக் காட்டு, இல்லையேல் ஆறு மாத வாடகையை முன்னதாகக் கட்டு என்று அயல்நாட்டு மாணவரை நெருக்கும் வழக்கம் அங்கு நெடுநாளாக இருந்து வந்தது. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், தனியார் வாடகை வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்னதாக வாங்குவதை 2026 மே முதல் நாளிலிருந்து தடுக்கிறது. பிணையாளர் இல்லாத மாணவருக்குத் தாமே பிணை நிற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. சேர்வதற்கு முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

கடன் வரலாறு இல்லாத பிள்ளையிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். கனடா செல்லும் தனி மாணவர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, ஓராண்டுச் செலவுக்கு 22,895 கனடா டாலர் கையிருப்பைக் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பரில் வந்த விதி. 2023 வரை இது 10,000 டாலராக இருந்தது. ஜெர்மனிக்குச் செல்பவர் முடக்கு கணக்கில் 11,904 யூரோ வைத்து, மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளும் முறை 2024 செப்டம்பர் முதல் உள்ளது. வாடகை கட்ட வல்லவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? கணக்குச் சான்று, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், கல்விக் கடன் ஆணை, இதற்குமுன் தங்கிய விடுதி தந்த நற்சான்று ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. வீட்டை நேரில் பாராமல், படத்தை மட்டும் கண்டு, முன்பணத்தை அயல்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிவிடாதீர்கள். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் எந்நாட்டிலும் உண்டு. முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ, அறிந்த குடும்பத்திலோ தங்கி, நேரில் பார்த்து வீடு பிடிப்பதே அறிவுடைமை.

இனி நம் வாயிற்படி

இவ்வளவையும் கேட்டபின், "பாவம், நம் பிள்ளைகள்!" என்று பெருமூச்சு விடுவது இயல்பே. ஆனால் அதே மூச்சில் நம் வீட்டுக் கதவையும் பார்க்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இந்தியாவுக்குக் கல்வி கற்க வரும் அயல்நாட்டார் தொகை, 2021-22-ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 46,900. நேபாளத்தார் முதலிடம் பெறுகின்றனர்; ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பலர் வருகின்றனர். நம் பகுதிக்கும் கல்விப் பெருமை குறைவில்லை. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் உள்ளது. 1981-இல் தஞ்சையில் அமைந்த தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டுத் தமிழ்க் கல்விக்கென்றே ஒரு துறை உண்டு. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய சாஸ்திரா, திருமலைசமுத்திரத்தில் பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. விடுதியில் இடம் கிடைக்காதவரோ, ஆராய்ச்சிக்காகக் குடும்பத்துடன் வந்தவரோ வெளியில் வீடு தேடினால், அவரை எதிர்கொள்வது நம் போன்றோரின் கதவுதான்.

அங்கே அவரிடம் சிபில் மதிப்பெண்ணை எவரும் கேட்பதில்லை. "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விதான். கென்யாவிலிருந்தோ சூடானிலிருந்தோ வந்தவர் இதற்கு என்ன விடை சொல்வார்? அவருடைய தகப்பனாரை அறிந்தவர் மாவட்டம் முழுவதும் தேடினும் கிடையார். நிறமும் மொழியும் உணவும் காரணமாகி, "வீடு இப்போதுதான் பேசி முடிந்தது" என்ற பொய்யோடு கதவு சாத்தப்படுகிறது. இத்தகைய வெறுப்பு முற்றினால் எங்கு கொண்டு விடும் என்பதை 2017 மார்ச்சில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர் தாக்கப்பட்டபோது நாடு கண்டது.

மனம் விட்டுப் பேசினால், நம் கேள்வி அயல்நாட்டாரை மட்டுமா தடுக்கிறது? "எந்தத் தெரு?" என்று கேட்டு, அத்தெருவின் பெயரைக் கொண்டே ஆளை எடைபோட்டு, ஞாயிறு திருப்பலியில் நம்மோடு ஒரே பந்தியில் நற்கருணை பெறும் சகோதரனுக்கே வீடில்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே மறைந்துவிட்டதா? மேலை நாட்டார் எண்ணைக் கொண்டு மனிதனை அளக்கிறார்கள் என்று குறை கூறுகிறோம். சாதியைக் கொண்டு அளப்பது அதனினும் கொடிது. கடன் மதிப்பெண்ணையாவது உழைத்து உயர்த்திக்கொள்ளலாம். பிறப்பை யார் மாற்றிக்கொள்ள இயலும்?

வீட்டுக்காரரின் அச்சமும் நியாயமே

ஆயினும் வீட்டுக்காரர் அனைவரையும் கல்நெஞ்சர் என்று சொல்வதும் முறையன்று. நம் பங்குகளில் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்திலேயே அரிசியும் மருந்தும் வாங்கும் கைம்பெண்கள் உண்டு. இரண்டு மாத வாடகை நின்றுபோனால் அவர்களுக்கு அடுப்பு எரியாது. மாணவன் பாதியில் போய்விட்டால் யாரைக் கேட்பது? அயல்நாட்டாரை வைத்ததற்காகக் காவல் நிலையத்துக்கு அலைய நேருமோ? இவ்வச்சங்கள் மெய்யானவை. இரக்கத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் இவை தீரா. நல்ல ஏற்பாடு வேண்டும்.

முதலாவது, எழுத்து. வாய்ச்சொல் நன்மைக்கு உதவியது போலவே, தீமைக்கும் இடம் கொடுத்தது என்பதை நம் மாவட்டத்தின் நிலவரலாறு காட்டும். தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர், ஏட்டில் பெயர் இல்லாமையால் நிலத்தை விட்டு எளிதில் வெளியேற்றப்பட்டனர். அதனாலேயே குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-இலும், பண்ணையாட்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இலும் தமிழ்நாட்டில் வந்தன. எளியவனைக் காப்பது எழுத்தே. வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும்.

நகர்ப்புற வாடகை வீடுகளைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. பதினொரு மாத ஒப்பந்தமானால் பதிவே வேண்டாம் என்ற பழைய எண்ணம் இனிச் செல்லாது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சக்கூடாது. புதியவர், போக்கிடம் அற்றவர் என்பதற்காகப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது கிறிஸ்தவனுக்கு அழகன்று.

இரண்டாவது, அரசுக்குத் தெரிவித்தல். அயல்நாட்டாருக்குத் தங்க இடம் கொடுப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவ்விவரத்தை இணையத்தின் வழியே பதிவு செய்ய வேண்டும். விடுதி நடத்துவோருக்கு மட்டுமின்றி, தம் வீட்டில் இடம் கொடுப்போருக்கும் இக்கடமை உண்டு. 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் முதலிய நான்கு பழைய சட்டங்களை நீக்கி, 2025 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இக்கடமை தொடர்கிறது. கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படிகளும் மாணவரின் ஒத்துழைப்பும் இருந்தால் இது சிறிது நேர வேலை. இணையம் பழகாத பெரியவருக்குப் பங்கின் இளைஞர் ஒருவர் செய்து கொடுக்கலாம். சட்டத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்துவதைவிட, சட்டப்படி பதிவு செய்துவிட்டு நிம்மதியாக உறங்குவது மேல்.

மூன்றாவது, முன்பு நடந்ததைக் கேட்பதைவிட, இப்போது காட்டக்கூடியதைக் கேட்பது. கல்லூரி தந்த சேர்க்கைச் சான்று, உதவித்தொகை பெறுவோராயின் அதன் ஆணை, மாதந்தோறும் வங்கி வழியாகவே வாடகை செலுத்தும் ஏற்பாடு, கல்லூரியில் அயல்நாட்டு மாணவர் நலனைக் கவனிக்கும் அலுவலரின் தொலைபேசி எண் ஆகியவை போதும். வீட்டிலுள்ள மின்விசிறி, விளக்கு, குழாய், சாவி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இட்டுக்கொண்டால், காலி செய்யும் நாளில் பூசல் எழாது. இரவு எத்தனை மணிக்கு வாயிற்கதவு பூட்டப்படும், மாடியில் புலால் சமைக்கலாமா, விருந்தினர் தங்கலாமா என்பனவற்றை முதல் நாளே முகமலர்ச்சியோடு சொல்லிவிட வேண்டும். சொல்லாத விதியை மீறியதாகப் பிறகு சினப்பது நீதியன்று.

என் கணக்கில் எழுதும்

புனித சின்னப்பர் எழுதிய திருமுகங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று, பிலமோனுக்கு அவர் சிறையிலிருந்து எழுதியது. ஒரே அதிகாரம்; இருபத்தைந்தே வசனங்கள். ஒனேசிமு என்னும் அடிமை தன் தலைவன் பிலமோனை விட்டுப் போய்விட்டவன். அவன் சின்னப்பரிடம் வந்து கிறிஸ்தவனாகிறான். அவனைத் திருப்பி அனுப்பும்போது அப்போஸ்தலர் கையில் ஒரு கடிதம் கொடுக்கிறார். இவனை இனி அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும். இவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருப்பின் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும். நானே அதைத் தீர்ப்பேன் என்று தம் கைப்பட எழுதித் தருகிறார். அதோடு நில்லாமல், தமக்கும் தங்க ஓரிடம் ஆயத்தம் செய்து வைக்குமாறு கேட்கிறார்.

ஒனேசிமுவுக்கு நல்ல வரலாறு இல்லை. இருந்ததோ கெட்ட வரலாறு. ஆயினும் அவனுக்காக ஒருவர் நின்றார். வரலாறு இல்லாதவனுக்கு வேண்டியது இதுவே. தனக்காகச் சொல்வதற்கு ஒரு மனிதர். ஆதித் திருச்சபையில் ஊர்விட்டு ஊர் சென்ற கிறிஸ்தவர்கள் இத்தகைய கடிதங்களோடுதான் சென்றனர். கெங்கிரேயா சபையின் பணிப்பெண் பெபேயாவை ஏற்று அவருக்கு வேண்டியதைச் செய்யுமாறு உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரம் கேட்டுக்கொள்கிறது. நம் நாட்டிலும் பள்ளியில் சேரவும், விடுதியில் இடம் பெறவும் பங்குத் தந்தையின் கடிதத்தோடு போனவர் எத்தனையோ பேர். நாகையில் 1844-இல் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரிக்குப் படிக்கப் போன நம் பகுதி இளைஞரும் ஒரு காலத்தில் அயலூரில் இடம் தேடியவர்களே.

அதே வேளையில், ஆராயாமல் பிணை நிற்பவனை நீதிமொழிகள் நூல் கடுமையாக எச்சரிப்பதையும் மறக்கலாகாது. தம்மால் தாங்க இயலாத தொகைக்குக் கையொப்பம் இடுவது அன்பு ஆகாது. தெரிந்ததைத் தெரிந்தவாறு சொல்லுதல், சிக்கல் எழுந்தால் இருதரப்பாரையும் அழைத்துப் பேசுதல் ஆகிய இவ்வளவே பலவிடங்களில் போதுமான பிணையாகும்.

பங்கு செய்யக்கூடியது

நம் தஞ்சை மறைமாவட்டம் 1952 நவம்பர் 13 அன்று உருவானது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் குடிபெயர்ந்தோரைக் குறித்துப் புகழ்பெற்ற ஓர் ஆவணத்தை வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே அந்நிய மண்ணில் அலையும் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரி என்று அதில் எடுத்துரைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்கு அளித்த செய்தியில், வரவேற்றல், பாதுகாத்தல், வளர்த்தல், இணைத்துக்கொள்ளுதல் என்ற நான்கு கடமைகளைத் திருச்சபையின்முன் வைத்தார். அந்நான்கில் முதலாவது ஒரு கதவைத் திறப்பதில்தான் தொடங்குகிறது.

ஒவ்வொரு பங்கிலும் இதற்கென்று மூன்று செயல்கள் எளிதில் கூடும். மாணவருக்கு வாடகைக்கு விட இசையும் வீடுகளின் பட்டியல் ஒன்றை அன்பியங்கள் வழியாகத் திரட்டிப் பங்கு அலுவலகத்தில் வைக்கலாம். அது எந்தச் சமயத்தவருக்கும், எந்த நாட்டவருக்கும், எந்தச் சாதியாருக்கும் திறந்த பட்டியலாக இருத்தல் வேண்டும். வின்சென்ட் தே பால் சபையார், புதிதாக வந்த மாணவரை முதல் மாதத்தில் ஒருமுறையேனும் சென்று பார்த்து வரலாம்; 1833-இல் பாரிசில் ஓசனாமும் தோழர்களும் அச்சபையைத் தொடங்கியபோது அவர்களே மாணவர்கள்தாம். நம் பிள்ளை அயல்நாடு செல்லும்போது, அவன் செல்லும் நகரத்துக் கத்தோலிக்கப் பங்குக்கோ மாணவர் பணியகத்துக்கோ, அவனை அறிமுகம் செய்து பங்குத் தந்தை ஒரு கடிதம் எழுதித் தரலாம். அக்கடிதம் கடன் அறிக்கைக்கு ஈடாகாது என்பது மெய்யே. ஆனால் "இவனை எனக்குத் தெரியும்" என்று சொல்ல ஒரு மனிதரை அது அவனுக்குப் பெற்றுத் தரும்.

ஆபிரகாம் மம்பிரேயின் மரத்தடியில் மூன்று அந்நியரைக் கண்டபோது, அவர்களுடைய ஊரையும் குலத்தையும் கேட்டதாகத் தொடக்க நூல் சொல்லவில்லை. ஓடிச் சென்று வணங்கினார். கால் கழுவத் தண்ணீர் கொணர்வித்தார். அப்பமும் இறைச்சியும் படைத்தார். வந்தவர் யார் என்பது அவருக்குப் பின்னர்தான் விளங்கியது.

ஆகவே, பெரியோரே, தாய்மாரே, அடுத்த முறை உங்கள் மாடிப் பகுதி காலியாகி, முன்பின் அறியாத மாணவன் ஒருவன் வந்து நின்றால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று தாராளமாகக் கேளுங்கள். அவனுடைய பெற்றோரைப் பற்றி, ஊரைப் பற்றி, படிப்பைப் பற்றி அன்போடு விசாரியுங்கள். ஆனால் விடை உங்களுக்குப் பழக்கமில்லாத ஊராக இருப்பதற்காகக் கதவைச் சாத்தாதீர்கள். சான்றுகளைப் பாருங்கள், ஒப்பந்தத்தை எழுதுங்கள், பதிவைச் செய்யுங்கள், சாவியைக் கொடுங்கள். அதே மாலையில், உலகின் மறுகோடியில், குளிரில் நின்றுகொண்டு நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் யாரோ ஒரு தாயின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.